நம்பினாரா, வித்தாரா

இயேசுவுக்கு வாரிசு இருந்துச்சுன்னு புக் எழுதின மைக்கேல் பைஜெண்ட் பத்தி நாங்க போட்ட வீடியோ வெளிய போய் ரொம்ப நாளாச்சு, ஆனா எடிட்டிங்ல சார் கேட்ட கேள்வி இன்னும் மண்டைக்குள்ளயே ஓடுது. "இந்தாளு இதையெல்லாம் நிஜமாவே நம்பினாரா, இல்ல காசுக்கா? ஒரு வரி சொல்லுப்பா, முடிச்சிடலாம்." அந்த வரிய எழுத மாட்டேன்னுட்டேன். "அப்புறம் எதுக்கு அரை மணி நேரம் பேசினோம்"னாரு.

கேட்டது நியாயம்தான். நியூசிலாந்து நெல்சன்ல 1948ல பிறந்து, சைக்காலஜி படிச்சு, போட்டோகிராபரா இருந்து, ரிச்சர்ட் லீ, ஹென்றி லிங்கன் கூட சேர்ந்து 1982ல 'ஹோலி பிளட் அண்ட் த ஹோலி கிரெயில்'ங்கற புக்க போட்டவர். இயேசுவுக்கும் மகதலேனா மரியாளுக்கும் கல்யாணமாகி, அந்த வாரிசு பிரான்ஸோட மெரோவிஞ்சியன் ராஜாக்கள்ல கலந்துச்சு, ஒரு ரகசிய சங்கம் அத காப்பாத்துதுன்னு கதை. சங்கத்துக்கு ஆதாரம் பாரிஸ் தேசிய நூலகத்துல இருந்த பேப்பர். அத அங்க கொண்டுபோய் வச்சதே பியர் பிளாந்தார்ங்கற பிரெஞ்சுக்காரரோட கோஷ்டிதான், அந்த சங்கமே 1956ல அவரு பதிவு பண்ணது. பைஜெண்ட் ஏமாந்தாருன்னு நான், ஏமாறுறது வசதியா இருந்துச்சுன்னு சார்.

என்னைத் தடுத்தது 2006 கேஸ். எங்க புக்க எடுத்துத்தான் டான் பிரவுன் 'டாவின்சி கோட்' நாவல கட்டியிருக்காருன்னு பைஜெண்டும் லீயும் லண்டன் ஹைகோர்ட் போனாங்க, லிங்கன் சேரல. யோசிச்சுப் பாருங்க, அது வரலாறுன்னா யாருக்கும் பட்டா கிடையாது, எவன் வேணா நாவல் எழுதலாம். கற்பனைன்னு சொல்லியிருந்தா கேஸுக்காவது கொஞ்சம் பலம் வந்திருக்கும், சொல்லல. தோத்தாங்க. எதிர்த்தரப்பு செலவுல 85% கட்டுங்கன்னாரு ஜட்ஜ் பீட்டர் ஸ்மித், பைஜெண்ட் மோசமான சாட்சின்னு தீர்ப்புலயே எழுதினாரு. (அதே தீர்ப்புல சாய்வெழுத்துல ஒரு ரகசிய கோடும் ஒளிச்சு வச்சாரு, அவரயும் பேய் பிடிச்சிடுச்சு போல.)

"வெறும் வியாபாரின்னா இவ்ளோ ரிஸ்க் எதுக்கு சார்?"னேன். "வியாபாரிதான்பா கேஸ் போடுவான்"னாரு பட்டுனு. வாயடைச்சுப் போச்சு. கேஸ் நடக்கறப்ப பழைய புக் மறுபடி வித்துச்சு, அதே வருஷம் 'த ஜீசஸ் பேப்பர்ஸ்'னு அடுத்ததும் வந்துச்சு, இதெல்லாம் சார் பக்கம்தான் நிக்குது.

ஆனாலும் செத்துப்போன மனுஷனோட மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நான் எப்படி சர்டிபிகேட் கொடுக்கிறது? 2013ல போயிட்டாரு. இல்ல, முடிவெடுக்க பயந்துட்டு நேர்மைன்னு பேர் வச்சுக்கிட்டேனோ, தெரியல. ஐம்பது தாண்டி கென்ட் யூனிவர்சிட்டில மிஸ்டிசிசத்துல, அதாவது மறைஞானத்துல, எம்.ஏ. பண்ணிருக்காரு, காசுக்காக யாரு அதப் படிப்பா? இத அன்னைக்கு சார்கிட்ட சொல்லல. சொல்லியிருந்தா, புக் அட்டையில போட ஒரு டிகிரிம்பாரு, அதுவும் சரியாத்தான் இருக்கும்.