மூக்கை விட நல்ல மிஷின்

குளச்சல் பக்கம் ஒரு ஐஸ் பிளான்டுக்குப் போயிருந்தேன். உள்ளே கால் வைத்ததும் கண் எரிந்தது, ஐஸ் உறைய வைக்கப் பயன்படுத்தும் அம்மோனியா வாயு. அங்கே வேலை பார்க்கும் பெரியவர் கந்தகத் திரி ஒன்றைப் பற்றவைத்து, பைப் இணைப்புகளை ஒட்டி மெதுவாகக் கொண்டுபோனார். ஒரு வால்வுக்குப் பக்கத்தில் மட்டும் வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பியது. கசிவு அங்கேதான்.

இதற்கு லேசர் வந்துவிட்டது என்றேன். "மக்களே, மூக்கை விட நல்ல மிஷின் உண்டுமா?" என்று சிரித்தார்.

உண்டு. ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில அலைநீளங்களில் மட்டும் ஒளியை விழுங்கும்: அம்மோனியா 1512 நானோமீட்டரை ஒட்டி, மீத்தேன் 1653-ஐ ஒட்டி, ஆக்சிஜன் 760-ஐ ஒட்டி. மணல் பருமனே உள்ள டையோடு லேசருக்குக் கொடுக்கும் கரண்டைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் அதன் அலைநீளமும் கொஞ்சம் நகரும், அப்படி வாயு விழுங்கும் அந்த அலைநீளத்தைத் தாண்டி முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கும்போது வெளிச்சம் எங்கே, எவ்வளவு குறைகிறது என்பதிலேயே என்ன வாயு, எவ்வளவு என்று இரண்டும் தெரிந்துவிடும். 2012-இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி மீத்தேன் தேடியதும் இதே வழியில்தான்.

மூக்குக்கு ஒரு நாற்றம் பழகிவிடும், லேசருக்குப் பழகாது. ஆனால் நம்ம ஊர் உப்புக்காற்றில் லென்ஸை அடிக்கடி துடைக்கணும், அது ஒரு தொல்லை. பெரியவரிடம் இதைச் சொன்னதும், "அப்போ துடைக்கவும் ஒரு ஆள் வேணும் இல்லியா?" என்றபடி திரியை அணைத்தார்.