சாந்திவனத்துல சில நாள் – நாட்குறிப்பு

டிசம்பர் 5, வியாழன்

லீவு போட்டுட்டு தண்ணீர்பள்ளிக்கு வந்துட்டேன். குளித்தலை பக்கத்துல காவிரிக் கரையில இருக்கற சாந்திவனம்ங்கற கத்தோலிக்க ஆசிரமம். முசிறியில வாழ்க்கைப்பட்டு இத்தன வருஷத்துல பாலத்த தாண்டி பூசைக்கு வந்துட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கேன், தங்கிப் பாக்கறது இதான் மொத தடவ. ராத்திரி ராத்திரி எழுதிப் போடறேன், முடிஞ்சவங்க படிங்க.

சாந்திவனம்னாலே எல்லாருக்கும் இங்கிலாந்துக்காரத் துறவி பீட் கிரிஃபித்ஸ் சாமிதான் ஞாபகத்துக்கு வருவாரு. தப்பில்ல, 1968ல இங்க வந்து 1993ல சாகற வரைக்கும் இதுதான் அவரு வீடு, எங்கெங்கயோ இருந்து ஜனங்க அவர தேடி வந்தாங்க. ஆனா நான் முக்கியமா எழுத நெனக்கறது அவருக்கு முன்னாடி இருந்தவர பத்தி, ஜூல்ஸ் மோன்ஷனான் சாமி. நம்ம திருச்சி மறைமாவட்டத்துல வேல பாத்த குருவானவர், நம்ம ஆளுங்களுக்கே அவரு பேரு தெரியல, அது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு.

1895ல பிரான்ஸ்ல லியோன் பக்கத்துல ஃப்ளூரிங்கற ஊர்ல பொறந்தவரு. பெரிய படிப்பாளி, ஆன்ரி டி லூபாக் மாதிரி இறையியல் அறிஞருங்க எல்லாம் அவரு மேல அவ்வளவு மரியாத வெச்சிருந்தாங்க. படிச்சு பட்டம் வாங்கி பேராசிரியரா உக்காந்திருக்கலாம், அத விட்டுட்டு சுரங்கத் தொழிலாளிங்க இருக்கற பங்குக்கு, அதாவது ஒரு சர்ச்சச் சேந்த ஊர் ஜனங்கள பாத்துக்கற வேலைக்குப் போனாரு. 1932ல சாகக் கெடந்தாரு, பொழச்சா இந்தியாவுக்குப் போறேன்னு நேந்துக்கிட்டாரு. பொழச்சாரு, ஆனா வந்து சேர 1939 ஆயிடுச்சு, அப்ப வயசு 44. அந்த வயசுல தமிழ் எழுத்து கத்துக்க ஆரம்பிக்கறதுன்னா சும்மாவா. ஆயர் ஜேம்ஸ் மெண்டோன்சா அவர கிராமத்துப் பங்குகளுக்கு அனுப்பினாரு, பத்து வருஷம் சாதாரண பங்குச் சாமியாரா நோயாளிய பாத்து ஞானஸ்நானம் குடுத்து கல்யாணம் பண்ணி வெச்சு செத்தவங்கள அடக்கம் பண்ணி... ஆஸ்துமா வேற இருந்துச்சு அவருக்கு, இந்த புழுதியில எப்படித்தான் மூச்சு விட்டாரோ.

மதநல்லிணக்கம்னா நம்ம ஊர்ல மேடையில மூணு மதத்து ஆளுங்கள உக்கார வெச்சு சால்வை போட்டு போட்டோ எடுத்துடறாங்க. இவரு ஆரம்பிச்ச எடம் வேற. பக்கத்து வீட்டுக்காரன் எப்படி கும்பிடறான்னு தெரிஞ்சுக்கறதுக்கு ஒரு ஆயுசையே குடுத்தாரு.

டிசம்பர் 6, வெள்ளி

விடியறதுக்கு முன்னாடியே எழுந்தாச்சு. கோயில் பாக்கறதுக்கு நம்ம ஊரு இந்து கோயில் மாதிரியேதான் இருக்கு, கோபுரம், விமானம், உள்ள இருட்டா ஒரு கருவறை, அதுல நற்கருணை. கோபுரத்து மேல மூணு முகத்தோட திரித்துவம், தந்தை, மகன், தூய ஆவி மூணும் ஒரே கடவுள்ங்கற எங்க நம்பிக்கை. வெளிய நிக்கற சிலுவையில நடுவுல ஓம்.

காலை செபத்துல சந்தனம் குடுத்தாங்க, மத்தியானம் குங்குமம், சாயந்திரம் திருநீறு. தரையில சம்மணம் போட்டு உக்காந்து சமஸ்கிருதத்துல சச்சிதானந்தத்த பாடறாங்க, உபநிடதத்துல ஒரு பகுதி, அப்புறம் சங்கீதம், நற்செய்தி. சாயந்திரம் மாணிக்கவாசகர் பாட்டு. நான் கத்தோலிக்க வீட்டுல பொறந்தவ, எங்களுக்கு சாம்பல்னா வருஷத்துல ஒரு நாள், சாம்பல் புதன் அன்னிக்கு மட்டும்தான். கல்யாணம் ஆகி வந்த வீட்டுல தினமும் எல்லாரு நெத்தியிலயும் பட்டையா திருநீறு இருக்கும், என் நெத்தி மட்டும் வெறுமனே இருக்கும், யாரும் ஒரு வார்த்த சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல. இன்னிக்கு சாயந்திரம் பிரதர் தட்டை நீட்டினப்ப கையில வாங்கிட்டேன், நெத்தியில வெக்க கொஞ்ச நேரம் ஆச்சு. வெச்சுக்கிட்டேன். மண்ணுக்குத்தான் போகப்போறோம்ங்கறது ரெண்டு வீட்டுக்கும் பொதுதான.

சாப்பாடு தரையில உக்காந்து, சைவம்தான், பேசாம சாப்பிடணும்.

டிசம்பர் 7, சனி

இன்னிக்கு ஹென்றி லெ சோ சாமி எறந்த நாள், 1973, இந்தூர்ல. அபிஷிக்தானந்தான்னு சொன்னா சிலருக்குத் தெரியும். இவரும் மோன்ஷனானும் சேந்துதான் இந்த ஆசிரமத்த 1950 மார்ச் 21 அன்னிக்கு, புனித பெனடிக்ட் திருநாள்ல ஆரம்பிச்சாங்க.

இவங்க சேந்த கத எனக்கு ரொம்ப புடிக்கும். லெ சோ பிரான்ஸ்ல கெர்கொனான் மடத்துல துறவி, இந்தியாவுல ஆசிரம வாழ்க்க வாழணும்னு ஆசப்பட்டு 1947ல திருச்சி ஆயருக்கு பிரெஞ்சுல கடுதாசி போடறாரு. ஆயரு அத மோன்ஷனான்கிட்ட குடுத்து பதில் எழுதச் சொல்றாரு. இதே கனவோட வருஷக்கணக்கா குளித்தலையில தனியா கெடந்த மனுஷன் கையிலயே போய் சேருது அந்தக் கடுதாசி! 1948 ஆகஸ்ட்ல லெ சோ வந்துட்டாரு. அடுத்த ஜனவரியில ரெண்டு பேரும் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷிய தரிசனம் பண்ணாங்க. அப்புறம் காவிரிக் கரைத் தோப்புல மூங்கிலும் கீத்தும் வெச்சு குடிசை. காவி கட்டினாங்க. மோன்ஷனான் பரம அரூபி ஆனந்தம்னு பேரு வெச்சுக்கிட்டாரு. யோசிச்சுப் பாருங்க, அப்பல்லாம் பூசையே லத்தீன்லதான், தமிழ்நாட்டு சர்ச்சுல குத்துவிளக்கு வெச்சு ஆரத்தி எடுத்தா சாமி குத்தம்னு நெனச்ச காலம்.

ஆனா ரெண்டு பேருக்கும் போகப்போக ஒத்துப்போகல, இத மறைக்கக் கூடாது. லெ சோ அருணாசல மலைக் குகையில போய் மாசக்கணக்கா உக்காந்தாரு, 1955 கடைசியில திருக்கோயிலூர் தபோவனத்துல ஞானானந்த சுவாமிய பாத்து அவரையே குருவா ஏத்துக்கிட்டாரு. கடவுளும் ஆத்மாவும் ரெண்டில்லங்கற அத்வைதம் அவர உள்ளுக்குள்ள போட்டு உலுக்கிடுச்சு. மோன்ஷனானுக்கு பயம், திரித்துவத்தையும் அத்வைதத்தையும் அவ்வளவு சுலபமா ஒண்ணாக்கிட முடியாதுன்னு கடைசி வரைக்கும் சொன்னாரு. நான் மோன்ஷனான் பக்கம்தான். ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிட்டா அப்புறம் பேசறதுக்கு என்ன இருக்கு? வித்தியாசத்த வெச்சுக்கிட்டே, அதனால வர்ற வலியையும் வெச்சுக்கிட்டே பக்கத்துல இருக்கறதுதான் கஷ்டம்னு நான் நம்பறேன். ஆனா லெ சோ குடுத்த வெலைய பாத்தா எதுத்துப் பேச மனசு வரல. 1964ல ரைமன் பணிக்கரோட நடந்தே போய் கங்கோத்ரியில பூசை வெச்சிருக்காரு. 1973 ஜூலையில ரிஷிகேஷ்ல பஸ்ஸ புடிக்க ஓடினப்ப மாரடைப்பு வந்து ரோட்டோரம் விழுந்தாரு, அந்தக் கெடப்பையே பெரிய அனுபவமா எழுதி வெச்சாரு, அஞ்சு மாசத்துல போயிட்டாரு.

மோன்ஷனான் 1957லயே போயாச்சு. ஒடம்புல கட்டி, ஆபரேஷனுக்குன்னு பாரிசுக்கு அனுப்பினாங்க, அக்டோபர் 10 அன்னிக்கு அங்கயே முடிஞ்சு போச்சு. அவரு இருந்த வரைக்கும் ஒரு இந்திய துறவி கூட இங்க நெலச்சு தங்கல. கணக்குப் பாத்தா தோத்துப்போன வாழ்க்கதான். மத்த மதங்கள்ல உண்மையும் புனிதமும் இருக்கறத தள்ளி வெக்கக் கூடாதுன்னு திருச்சபை ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல, அதாவது ஒலக ஆயருங்க கூடின கூட்டத்துல, அதிகாரபூர்வமா அறிவிச்சது 1965 அக்டோபர் 28. அத கேக்க இவரு உசுரோட இல்ல.

டிசம்பர் 8, ஞாயிறு

திருவருகைக் காலம், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள், அதுல ரெண்டாவது ஞாயிறு. பூசை, அப்புறம் நூலகத்துல பாதி நாள். நெறய எழுத வேண்டியிருக்கு, கரன்ட் இல்ல.

டிசம்பர் 9, திங்கள்

கார்த்திக சோமவாரம். புகுந்த வீட்டு அத்தை எங்கூட வான்னு கூப்ட்டாங்க. "காலைக் கடம்பர், மத்தியானச் சொக்கர், அந்தித் திருஈங்கோய்நாதர்"னு இந்தப் பக்கம் சொல்லுவாங்க, மூணையும் ஒரே நாள்ல தரிசனம் பண்ணணும். விடிகாலையில குளித்தலை கடம்பவனநாதர், வடக்குப் பாத்த சன்னதி. அப்புறம் அய்யர்மலை, 1017 படி, அத்தைக்கு முட்டி வலி, அடிவாரத்துலயே நின்னு கும்பிட்டுட்டாங்க, எனக்கும் சேத்து நீ போயிட்டு வாம்மான்னாங்க. போனேன். மதியம் அங்க ஜே ஜேன்னு கூட்டம். திருஈங்கோய்மலைக்கு ஆத்துக்கு அக்கரைக்குப் போகணும், அதுக்கு முன்னாடி நடுவுல இருந்த நேரத்துல அத்தைய ஆசிரமத்துக்குக் கூட்டிட்டு வந்தேன்.

செருப்ப கழட்டிட்டு கோயில சுத்தி வந்தாங்க. கருவறை முன்னாடி நின்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. பீட் சாமி சமாதிகிட்ட கொஞ்ச நேரம் உக்காந்தாங்க. திருவாசகம் இங்க பாடுவாங்கன்னு சொன்னேன், மொகம் மலந்துச்சு, யாரு பாடினா என்ன, அது மாணிக்கவாசகர் அழுதது இல்லையான்னாங்க. ஆனா வெளிய வந்ததும் அந்த சிலுவைய பாத்துட்டு நின்னுட்டாங்க.

"ஏம்மா, நம்ம ஓம் எதுக்கு அதுல?"

சொன்னேன் எனக்குத் தெரிஞ்சத. ஆதியில வார்த்தை இருந்ததுன்னு யோவான் நற்செய்தியில வருது, அதுக்கும் ஓமுக்கும் இருக்கற ஒறவ நெனச்சு வெச்சிருக்காங்கன்னு. பொறுமையா கேட்டுட்டு, "சரிம்மா, ஆனா எங்கள கேட்டாங்களா?"ன்னாங்க. கோவமா கேக்கல. பதில் சொல்லத் தெரியாம கூடவே நடந்து போனேன்.

டிசம்பர் 11, புதன்

அத்தை கேட்டது ரெண்டு நாளா மனசுல ஓடிட்டே இருக்கு. இது புதுசில்ல. 1980கள்ல பீட் சாமியையும் இதையேதான் கேட்டாங்க, இந்து துறவிங்க சில பேரு கடுமையாவே எழுதினாங்க, காவி கட்டறது ஓம் போடறது எல்லாம் மதம் மாத்தறதுக்கான வேஷம்னு. அந்தச் சந்தேகத்துக்கு காரணம் இல்லாம இல்ல, 1606ல மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி சாமி காவி உடுத்தி சைவம் சாப்ட்டு வாழ்ந்தது நம்ம ஆளுங்கள கிறிஸ்தவத்துக்கு கொண்டு வர்றதுக்குத்தான், அது வரலாறு. இன்னொரு பக்கம் கத்தோலிக்கருங்களே பீட் சாமி திருச்சபைய இந்து கோயிலாக்கறாருன்னு திட்டினாங்க. ரெண்டு பக்கமும் அடி.

பீட் சாமி பதில் எழுதினாரு. ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சவரு, சி.எஸ். லூயிசோட நண்பரு, 1955ல இந்தியாவுக்கு வந்து, கேரளாவுல குரிசுமலை ஆசிரமத்துல பத்து வருஷம் இருந்துட்டு அப்புறம் இங்க வந்தவரு. என் ஆத்மாவோட மறுபாதிய தேடி வர்றேன்னு சொல்லிட்டுத்தான் வந்தாராம். குடுக்க வரல, தேட வந்தாரு, அந்த ஒரு விஷயத்துலதான் நொபிலிகிட்ட இருந்து இவரு மாறுபடறாருன்னு எனக்குத் தோணுது. 1990 ஜனவரியில பக்கவாதம் வந்து படுத்தப்ப பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டவங்க அவருக்குள்ள ஏதோ ஒடைஞ்சு தாய்மை வந்துடுச்சுன்னு சொல்லியிருக்காங்க. 86 வயசுல இதே தோப்புல, அவரோட குடிசையிலதான் போனாரு.

இன்னொருத்தரையும் சொல்லியாகணும், வெள்ளக்காரங்கள மட்டுமே எழுதினா நியாயமில்ல. அமலோற்பவதாஸ் அடிகளார், நம்ம தமிழ் குருவானவர், பெங்களூர்ல 1967ல ஆரம்பிச்ச தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்த கட்டி எழுப்பினவரு. தரையில உக்காரலாம், கைகூப்பலாம், ஆரத்தி எடுக்கலாம், குத்துவிளக்கு ஏத்தலாம்னு 1969ல ரோம் 12 விஷயங்களுக்கு அனுமதி குடுத்துச்சே, அதுக்குப் பின்னாடி அவரு ஒழைப்பு பெருசு. இன்னிக்கு நம்ம பங்குல பொங்கல் அன்னிக்கு ஆரத்தி எடுக்கறப்ப யாரும் மொகம் சுளிக்கறதில்லன்னா அதுக்கு இவங்கல்லாம்தான் காரணம்.

ஆனா அத்தை கேள்விக்கு இதுல எதுவும் பதில் இல்ல. அனுமதி ரோம்கிட்ட கேட்டோம். பக்கத்து வீட்டுல கேட்டோமா? என்னோட கருத்து, சந்தனமும் திருநீறும் இந்த மண்ணுல பொறந்த எனக்கும் உரிமையானதுதான், யார்கிட்டயும் கேக்கத் தேவையில்ல. ஆனா ஓம் சிலுவையில ஏறறதுக்கு முன்னாடி ஒரு பேச்சு நடந்திருக்கணும், நடந்தா அது இன்னும் அழகா இருந்திருக்கும். மோன்ஷனான் இருந்திருந்தா அவசரப்பட்டிருக்க மாட்டாருன்னு நெனக்கறேன், நிரூபிக்க முடியாது.

சாயந்திரம் அத்தை ஃபோன் பண்ணாங்க. இத அப்படியே சொன்னேன், நீங்க கேட்டது சரிதான் அத்தைன்னு. உம் கொட்டிட்டு வேற ஒண்ணு கேட்டாங்க, "அந்த மொத சாமியாரு, அவருக்கு அங்க பெத்தவங்க இருந்தாங்களா?" அம்மாவுக்கு அவரு எழுதின கடிதங்கள் தனி புக்காவே வந்திருக்கு அத்தை, பிரெஞ்சுலன்னேன். யாராச்சும் தமிழ்ல போட்டா எனக்குப் படிச்சுக் காட்டுன்னாங்க.

பிரெஞ்சு தெரிஞ்சவங்க யாராவது இத படிச்சா, பாண்டிச்சேரிப் பக்கம் நெறய பேரு இருப்பீங்க, ஒரு பத்து கடிதமாவது தமிழ்ல கொண்டு வர முடியுமான்னு பாருங்க, டைப் பண்ற வேலைய நான் பாத்துக்கறேன். வெள்ளிக்கிழம தீபம், அத்தை வீட்டுக்கு வரச் சொல்லிட்டாங்க. நாளைக்குக் கெளம்பறேன், குரிசுமலை பத்தி எழுத வேண்டியத முசிறிக்குப் போய் எழுதறேன்.