செயிண்ட் லூசியால இருந்து பார்படோஸ் வேலைக்கு: காரிகாம் ஸ்கில்ஸ் சர்டிபிகேட் வாங்கின அனுபவம்

கரீபியன்ல செட்டில் ஆன நம்ம ஆளுங்க சில பேர் கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதுறேன். அப்பா டாக்டர் வேலைக்காக செயிண்ட் லூசியா வந்தாரு, நான் இங்கயே வளர்ந்து குடியுரிமை வாங்கி, யுனிவர்சிட்டி ஆஃப் த வெஸ்ட் இண்டீஸ்ல டிகிரி முடிச்சேன். பார்படோஸ்ல மேத்ஸ் டீச்சர் வேலை கிடைச்சுது. ஒர்க் பெர்மிட் இல்லாம அங்க வேலை பாக்கணும்னா காரிகாம், அதாவது கரீபியன் நாடுகளோட கூட்டமைப்பு, அதோட ஸ்கில்ஸ் சர்டிபிகேட் வேணும்.

நம்ம ஊர்ல பல பேர் வெஸ்ட் இண்டீஸ்ன்னா ஒரே நாடுன்னு நினைக்கிறாங்க. ஒரே நாடாக்க முயற்சி நடந்துச்சு, 1958ல 10 பிரிட்டிஷ் காலனிகளை சேத்து ஒரு கூட்டாட்சி போட்டாங்க, 1961ல ஜமைக்கா மக்கள் ஓட்டு போட்டு வெளிய வந்ததும் அடுத்த வருஷமே கலைஞ்சு போச்சு. அப்புறம் பார்படோஸ் 1966ல, செயிண்ட் லூசியா 1979லன்னு தனித்தனியா சுதந்திரம். ஆனா ரெண்டு லட்சம் பேர்கூட இல்லாத ஒரு நாடு யுனிவர்சிட்டி, எக்ஸாம் போர்டு, பெரிய கோர்ட்டுன்னு எல்லாத்தையும் தனியா எப்படி நடத்தும்? அதான் 1973ல சாகுவராமஸ் ஒப்பந்தம் போட்டு காரிகாம் ஆரம்பிச்சாங்க. எக்ஸாம் போர்டு அதுக்கும் முன்னாடியே 1972ல பொதுவா வந்துருச்சு, அதனால என் ஸ்கூல் மார்க்கை பார்படோஸ்ல யாரும் ஒரு கேள்விகூட கேக்கல. இதோட அருமை பேப்பரை தூக்கிட்டு அலையுறப்பதான் தெரியும்.

அப்ளிகேஷனை சொந்த நாட்டுலயும் போடலாம், போற நாட்டுலயும் போடலாம். நான் இங்கயே போட்டேன். டிகிரி சர்டிபிகேட், டிரான்ஸ்கிரிப்ட், பாஸ்போர்ட், பர்த் சர்டிபிகேட், போலீஸ் சர்டிபிகேட், போட்டோ. நான் பொறந்தது இந்தியாலங்கறதால குடியுரிமை பேப்பரும் கேட்டாங்க, உங்களுக்கும் கேப்பாங்க, ரெடியா வச்சுக்கோங்க. கஷ்டம் காத்திருக்கறதுலதான். போன் பண்ணா அப்ளிகேஷனை பாக்குற கமிட்டி இன்னும் கூடலன்னு பதில், அங்க ஸ்கூல் திறக்குற தேதி நெருங்குது, இங்க பேப்பர் நகரல, வாரா வாரம் நேர்லயே போய் நின்னு ஃபைல் எங்க இருக்குன்னு கேட்டுதான் வாங்குனேன். கோவமா வந்துச்சு, இப்பவும் வருது. தலைவருங்க கையெழுத்து போட்டு குடுத்த உரிமைக்கு டீச்சரும் நர்ஸும் ஏன் கவுன்டர்ல கெஞ்சணும்?

பார்படோஸ் ஏர்போர்ட்ல ரிட்டர்ன் டிக்கெட் எங்கன்னு கேட்டாங்க. சர்டிபிகேட்டை காட்டுனேன், ஆறு மாசத்துக்கு ஸ்டாம்ப் அடிச்சாங்க. அதுக்குள்ள அவங்க நம்ம படிப்பை வெரிஃபை பண்ணிட்டு கால வரம்பு இல்லாம தங்க விடுவாங்க, எனக்கும் அப்படித்தான் ஆச்சு. அன்னிக்கு நான் தைரியமா நின்னதுக்கு காரணம் ஷனிக் மைரி கேஸ். 2011ல அந்த ஜமைக்கா பொண்ணை இதே நாட்டுல உள்ள விடாம திருப்பி அனுப்புனாங்க. 2013ல கரீபியன் நீதிமன்றம், காரிகாம் நாட்டு குடிமக்களுக்கு ஆறு மாசம் தங்க உரிமை உண்டு, மறுக்கணும்னா சரியான காரணம் வேணும்னு தீர்ப்பு சொல்லி நஷ்டஈடும் குடுக்க வச்சுது. கிளம்புறதுக்கு முன்னாடி அதை கண்டிப்பா படிங்க.

செயிண்ட் லூசியாவும் இருக்கற கிழக்கு கரீபியன் நாடுகள் கூட்டமைப்புக்குள்ள (OECS), அதாவது கிரெனடா, டொமினிகா மாதிரி ஊருக்கு போறதுன்னா இவ்வளவு அலைச்சல் இல்ல. 2011ல இருந்தே போட்டோ ஐடி போதும், வேலையும் பாக்கலாம், காசும் ஒண்ணுதான். பார்படோஸ் அந்த வட்டத்துக்கு வெளிய, அதான் எனக்கு இவ்வளவு பேப்பர்.

2025 அக்டோபர்ல பார்படோஸ், பெலீஸ், டொமினிகா, செயிண்ட் வின்சென்ட் நாலு நாடும் தங்களுக்குள்ள சர்டிபிகேட்டே வேணாம்னு திறந்து விட்டுட்டாங்க. செயிண்ட் லூசியாவும் அதுல சேரணும்னு எனக்கு ரொம்ப ஆசை. அதுவரைக்கும் இங்க இருக்கறவங்க, வேலை உறுதியாகட்டும்னு காத்திருக்காம இப்பவே அப்ளை பண்ணிருங்க.