சுவரோவியத்துக்குக் குரல் கொடுக்கும் செல்பேசி

கவனிப்பாரற்றுக் கிடக்கும் தெருவில் ஆள் நடமாட்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சுவரோவியத்தால் முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். சுவர்க் கிறுக்கல்களைத் தடுப்பதற்காக 1984-இல் ஃபிலடெல்ஃபியா நகரம் தொடங்கிய முயற்சி, கிறுக்கிய இளைஞர்களின் கையிலேயே தூரிகையைக் கொடுத்து, பின்னாளில் ‘மியூரல் ஆர்ட்ஸ்’ என்ற பெரும் திட்டமாக வளர்ந்தது. 2018-இல் அத்திட்டத்தின்கீழ் ஜோஷுவா மேய்ஸ் வரைந்த ஓவியத்தைச் செல்பேசி வழியே பார்த்தவர்கள், அசையும் உருவங்களோடு கிங் பிரிட்டின் இசையையும் சேர்த்து அனுபவித்தார்கள்.

செல்பேசிக் கேமராவில் தெரியும் காட்சியின்மேல் அசையும் உருவங்களையும் ஒலியையும் இப்படிச் சேர்த்துக் காட்டும் நுட்பமான ஆக்மென்டட் ரியாலிட்டி, அதாவது ஏஆர், தெருவோவியத்தில் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. சுவரிலிருந்து ஒரு பறவை பறந்து வந்தால் ஒருமுறை வியந்துவிட்டுப் போய்விடுவோம். ஆனால் மூடப்பட்ட ஆலையில் வேலை பார்த்தவர் தம் சொந்தக் குரலில் அந்தத் தெருவின் கதையைச் சொன்னால், நின்று கேட்போம், அடுத்த முறை இன்னொருவரையும் அழைத்து வருவோம்.

இதற்கு ஓவியர் கோட்டுருவம் போடும்போதே தொழில்நுட்பரோடு உட்கார வேண்டும். கேமரா ஒரு படத்தை அடையாளம் காண்பது கூர்மையான மூலைகளையும், நிறம் சட்டென்று மாறும் விளிம்புகளையும் வைத்துத்தான். பரந்த நீல வானம் மட்டுமே உள்ள பகுதியில் அதற்குப் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. ஒரே கோலம் திரும்பத் திரும்ப வந்தால் எந்த இடம் என்று குழம்பிவிடும். மரநிழல் விழுந்தாலும், கீழ்ப்பகுதியை மறைத்து ஒரு வேன் நின்றாலும் சிக்கல்தான். ஆகவே முக்கியமான உருவங்களைச் சற்று உயரத்தில் வைப்பது நல்லது. செல்பேசி இல்லாதவருக்கும் ஓவியம் முழுமையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துவது பராமரிப்பு. ஏஆர் படைப்புகளை உருவாக்க உதவிய ‘ஸ்பார்க் ஏஆர்’ (பின்னாளில் ‘மெட்டா ஸ்பார்க்’) தளத்தை மெட்டா நிறுவனம் 2025 ஜனவரியில் மூடியபோது, வெளிக் கலைஞர்கள் அதில் உருவாக்கியிருந்த படைப்புகள் இன்ஸ்டாகிராமிலிருந்தும் ஃபேஸ்புக்கிலிருந்தும் நீங்கின. சுவரில் பூசிய வண்ணம் பல ஆண்டுகள் நிற்கும். செயலிக்கு அந்த ஆயுள் கிடையாது. எனவே நகராட்சிகள் ஒப்பந்தம் போடும்போதே மூலக் கோப்புகளையும் ஒலிப்பதிவுகளையும் பொதுவான வடிவங்களில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தவுடன் உலாவியிலேயே திறக்கும்படி அமைத்தால், தனிச் செயலியைப் பதிவிறக்கும் தொல்லையும் இராது. அந்தக் குறியீடு வேலை செய்கிறதா என்று அவ்வப்போது சரிபார்க்க, அதே தெருவில் வசிக்கும் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தலாம்.