மார்ச் குறிப்புகள்

மார்ச் 3
ஆஸ்பத்திரியில் அம்மாவை வியாழன் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 4
அம்மா நித்திரையான பிறகு லப்டொப்பைத் திறந்தேன். ஆரோ ஃபங்ஷன் (ஒரு வேலைக்கான கோட் துண்டை அம்புக்குறி போட்டு எழுதுவது) பற்றிய பாடங்களில் எல்லாம் ஒரே பேச்சு: ‘ஃபங்ஷன்’ என்று எழுதுவதை விட்டுவிட்டு => போடுங்கள், கோட் சுருங்கும். சுருங்கட்டும், நல்லதுதான். ஆனால் 2015இல் வெப் பக்கங்களை இயக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டுக்குள் வந்த இந்த அம்புக்குறியில் பெரிய விஷயம் ‘திஸ்’, கோட் எந்தப் பொருளுக்காக ஓடுகிறது என்று காட்டும் சொல். அதைக் கடைசி நிமிடத்தில் ஓடி ஓடிச் சொல்கிறார்கள். கோபம்தான் வருகிறது.

மார்ச் 5
கொக்குவிலில் ஒரு இலை அசையவில்லை. அம்மா அரைக் கோப்பை கஞ்சி குடித்தார்.

மார்ச் 6
திங்கள் வரட்டாம்.

மார்ச் 7
நித்திரை இல்லை. இதையாவது முழுதாக எழுதி வைக்கிறேன்.

அம்மாவின் மருந்து நேரத்துக்கு ஒரு சின்னப் பக்கம் செய்கிறேன். ‘மருந்து’ என்று ஒரு ஒப்ஜெக்ட், விவரங்களையும் ஃபங்ஷன்களையும் சேர்த்துக் கட்டிய பொதி. அதற்குள் ‘மீதி’ (மீதமுள்ள நிமிடங்கள்), ‘தொடங்கு’ (எண்ணத் தொடங்கும் ஃபங்ஷன்). (பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். எனக்கு அது பெரிய சந்தோஷம்.) தொடங்குவுக்குள் செட்இன்டர்வெல் (கொடுத்த ஃபங்ஷனைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது), நிமிடத்துக்கு ஒருமுறை திஸ்.மீதியில் ஒன்று குறைய வேண்டும். அதற்குச் சாதாரண ஃபங்ஷன் கொடுத்தால், அதைக் கூப்பிடுவது பிரௌசர்; அப்போது திஸ் என்பது விண்டோ, பிரௌசரின் சொந்த ஒப்ஜெக்ட். விண்டோவிடம் மீதி ஏது? ஆரோவுக்கோ சொந்த திஸ் கிடையாது. எழுதப்பட்ட இடத்தில் எந்த திஸ் இருக்கிறதோ அதுதான் அதற்கும். மருந்தின் மீதி ஒழுங்காகக் குறைகிறது. திஸ்ஸை நாமே குறித்துக் கொடுக்க உதவும் கோல், பைண்ட் எதுவாலும் அந்த திஸ்ஸை மாற்ற முடியாது. புது ஒப்ஜெக்ட் உண்டாக்க முன்னால் நியூ போட்டால் டைப்எரர் என்று பிழை வரும். முன்பெல்லாம் இதற்காகவே திஸ்ஸை வேறு பெயரில் பிடித்து வைக்க ‘வார் செல்ஃப் = திஸ்’ என்று ஒரு வரி எழுதி வைப்பார்கள்.

அதற்காகத் தொடங்குவையே ஆரோவாக எழுதக்கூடாது. ஒப்ஜெக்ட்டின் சுருள் அடைப்பு புது திஸ் எதையும் தராது; ஆரோ அதையும் தாண்டி வெளியே தேடும். வெளியே சாதாரணம், உள்ளே ஆரோ.

இரண்டரை மணி. அம்மா இருமுகிறார்.

மார்ச் 10
இன்னொரு ஸ்கேனாம். கொழும்பில். நான் டொக்டரின் முகத்தையே பார்த்தேன், அவர் பேப்பரையே பார்த்தார்.

மார்ச் 11
யாழ்தேவி ரயிலில் இரண்டு சீட் கிடைத்துவிட்டது. சின்னம்மா வந்து அழுதார். அவர் அழத் தொடங்கினால் எனக்கு ஒன்றும் ஓடாது.

மார்ச் 12
‘குடித்தாச்சு’ பட்டன் வைத்தேன். கிளிக்குக்குச் சாதாரண ஃபங்ஷன் என்றால் திஸ் அந்தப் பட்டனே. எனக்கு வேண்டியது மருந்தின் திஸ், ஆகவே ஆரோ, அதுவும் தொடங்குவுக்குள்ளேயே. பட்டன் தேவைப்பட்டால் அதைக் காட்ட ஈவென்ட்.கரண்ட்டார்கெட் இருக்கிறது. போனில் திறந்து அம்மாவிடம் கொடுத்தேன். எழுத்து சின்னனாம். ரயிலில் பெரிசாக்க வேண்டும்.