ஒரு கப் கீரை என்றால் எவ்வளவு?

சமையல் குறிப்பில் "4 கப் கீரை" என்று எழுதுகிறவர்களே, உதிரியாகப் போட்ட கப்பா, அமுக்கி அடைத்த கப்பா? நேற்று அப்படியே அளந்து போட்டு, கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்தால் அடியில் ஒரு பிடிதான் கிடக்கிறது!

பச்சைப் பசலைக்கீரையை அமுக்காமல் போட்டால் ஒரு கப் சுமார் 30 கிராம்தான், அதையே வேகவைத்து வடித்து அளந்தால் அதே கப்பில் 180 கிராம் பிடிக்கும், ஏனென்றால் இலையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், இலைகளுக்கு நடுவில் இருப்பதெல்லாம் வெறும் காற்று. நறுக்கிப் போட்டால் கணக்கு இன்னும் மாறும்.

சரி, இனி தராசுதான். காலிக் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, தண்டு கிள்ளிய கீரையைப் போட்டு 120 கிராம் வந்ததும் நிறுத்திவிடுவேன். கழுவிய ஈரத்தோடு நிறுக்காதீர்கள், அதுவும் எடையில் சேர்ந்துகொள்ளும்.