சாயப்பட்டறையிலிருந்து வந்த அண்ணன்

கோவையில் காயங்களுக்கான கட்டுத்துணி ஆய்வகம் ஒன்றில் பாலிமர் பகுதியைப் பார்க்கிறேன். பெப்டைட் ஜெல் வேலை எங்களிடம் வந்தபோது அதன் போக்கைச் சட்டென்று பிடித்துக்கொண்டவர், திருப்பூர் சாயப்பட்டறை லேபிலிருந்து வந்து சேர்ந்த ஓர் அண்ணன்.

நாங்கள் எடுத்த பெப்டைட் ஆர்ஏடிஏ16. 16 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னச் சங்கிலி. ஒரு பக்கம் தண்ணீரை விட்டு ஒதுங்கும், மறுபக்கம் மின்னூட்டம் சுமக்கும். அமெரிக்காவின் எம்ஐடியில் ஷுகுவாங் ஜாங் 1990களின் தொடக்கத்தில் ஈஸ்ட் புரதம் ஒன்றிலிருந்து கண்டெடுத்த வகையைச் சேர்ந்தது. அமிலக் கரைசலாக இருக்கும்வரை சிரிஞ்சில் சுலபமாக ஓடும். ரத்தம் பட்டதும் அதிலுள்ள உப்பும் மாறும் பிஹெச்சும் சேர்ந்து நானோ இழைகளை வலையாக்கிவிடும். எண்டோஸ்கோப்பியில் ரத்தக் கசிவை நிறுத்தும் பியூராஸ்டாட் இதுதான்.

உப்பு பட்டால் ஏன் இறுகுகிறது என்று பயிற்சிக்கு வந்த பெண் கேட்டாள். நான் பலகையில் சமன்பாடு எழுதத் தொடங்கினேன். அண்ணன் குறுக்கே வந்தார்: “ஏனம்மிணி, ரியாக்டிவ் சாயத்துக்கு எதுக்கு உப்புக் கொட்டறோம்? நூலும் மைனஸ், சாயமும் மைனஸ். உப்பு நடுவுல பூந்தாத்தான் ரெண்டும் கிட்ட வரும். இங்க ரெண்டு இழையும் பிளஸ், அவ்வளவுதான். இல்லீங்களா சார்?” சரிதான். பலகையை அழித்துவிட்டேன்.

பெப்டைட் ஜெல் மட்டும் தனியாக நின்றால் தொட்டாலே உடையும். அதற்காகத்தான் பாலிமர். ஹையலூரானிக் அமிலம் என்ற பாலிமர் எதிர் மின்னூட்டம் கொண்டது என்பதால் கலந்த உடனே கட்டி கட்டியாகத் திரண்டது. நன்றாக நீர்க்கவிட்டுத் தவணை தவணையாக விடச் சொன்னார் அண்ணன். சாயத் தொட்டியில் உப்புப் போடும் முறை அது. திரள்வது முழுசாகப் போகவில்லை, ஆனால் வெகுவாகக் குறைந்தது. பொலாக்ஸமர் 407 என்ற இன்னொரு பாலிமர் வேறு ரகம்: குளிரில் நீர், சூட்டில் ஜெல். சித்திரையில் கரண்ட் போனால் சிரிஞ்சிலேயே உறைந்துவிடும்.

பெரிய தலைவலி வேறு. ஒரே எடை போட்ட இரண்டு பாட்டில்கள் இரண்டு விதமாக இறுகின. பெப்டைட் பொடியில் தயாரிப்பின்போது ஒட்டிக்கொண்ட டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலமும் ஈரமும் எடையில் சேர்ந்துவிடும். பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால் இரண்டும் ஜெல்தான். ஜெல்லின் இறுக்கத்தை அளக்கும் ரியோமீட்டரில்தான் வித்தியாசம் தெரிந்தது. அண்ணனுக்கு இதில் வியப்பே இல்லை. “லாட்டுக்கு லாட் ஸ்ட்ரெங்த் மாறுமுங்க சார், சாயத்துலயும் அப்படித்தான்” என்றார். இப்போது ஆர்டர் போடும்போதே நிகர பெப்டைட் எத்தனை சதவீதம் என்று சப்ளையரிடம் கேட்கும் பொறுப்பு அவருடையது.